லிடோகேன் ஐசி50 நாளுக்கு நாள் மாறுகிறது (நாவ் 1.5, ஹெக் 293, ஹோல்டிங் −90) – எங்கே தவறு?

சீல்பிடி எழுதியது:

வணக்கம். மனித நாவ் 1.5 சோடியம் சேனலை (இதயத் தசையில் உள்ளது) நிலையாக வெளிப்படுத்தும் ஹெக் 293 செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனித செல்வகை) லிடோகேன் என்ற மரப்பு மருந்து எவ்வளவு தடுக்கிறது என்று ஹோல்-செல் பேட்ச் கிளாம்ப்பில் (கண்ணாடிப் பிப்பெட்டைச் செல்லில் ஒட்டி மொத்தச் செல்லின் கரண்டை அளக்கும் முறை) அளக்கிறேன். எண்கள் ஒத்துவரவில்லை.

பிப்பெட் கரைசல் (மில்லிமோலார்): சீசியம் ஃப்ளூரைடு 105, சீசியம் குளோரைடு 20, சோடியம் குளோரைடு 10, ஈஜிடிஏ 10, ஹெப்பீஸ் 10. சீசியம் ஹைட்ராக்சைடு விட்டு பிஎச் 7.3.

வெளிக் கரைசல்: சோடியம் குளோரைடு 140, பொட்டாசியம் குளோரைடு 4, கால்சியம் குளோரைடு 1, மெக்னீசியம் குளோரைடு 1, குளுக்கோஸ் 10, ஹெப்பீஸ் 10. பிஎச் 7.4. வெப்பநிலை 22 டிகிரி.

ஹோல்டிங் (பல்ஸ்களுக்கு நடுவில் செல்லை நிறுத்தி வைக்கும் மின்னழுத்தம்) −90 மில்லிவோல்ட். அங்கிருந்து −20-க்கு 20 மில்லிசெகண்ட் பல்ஸ், 1 செகண்டுக்கு ஒரு தடவை. லிடோகேன் 1, 3, 10, 30, 100, 300 மைக்ரோமோலார் என ஒரே செல்லில் ஏற்றிக்கொண்டே போகிறேன். ஐசி50 (கரண்டைப் பாதியாகக் குறைக்கும் செறிவு) ஒரு நாள் 20 மைக்ரோமோலார் வருகிறது, இன்னொரு நாள் 70, 80. ஹோல்டிங்கை −120-க்கு மாற்றினால் 300-ஐயும் தாண்டுகிறது. மருந்தே கொடுக்காத செல்லிலும் 10 நிமிடத்தில் கரண்ட் கால்வாசிக்கு மேல் குறைகிறது. சில செல்களில் கரண்ட் 8 நானோஆம்பியர் வரை போகும். சீரீஸ் ரெசிஸ்டன்ஸ் (பிப்பெட் நுனி வழியே வரும் மின்தடை) 6 மெகாஓம், அதைச் சரிசெய்யும் கம்பென்சேஷன் 70 சதவீதம்.

இதே செட்டப்பில் கார்பமசெபைன் என்ற வலிப்பு மருந்தையும் பார்த்தேன். −70-இல் 100 மில்லிசெகண்ட் ப்ரீபல்ஸ் (டெஸ்ட் பல்ஸுக்கு முன் வரும் பல்ஸ்) கொடுத்தும் 100 மைக்ரோமோலாரில் தடுப்பு பெரிதாக இல்லை. மருந்து கெட்டுப்போயிருக்குமா?

---

ஓய்வுநிலை எழுதியது:

மருந்தின் மேல் சந்தேகம் வேண்டாம். நீங்கள் அளந்த மூன்று எண்களும் சரியாகவே இருக்கலாம். லிடோகேனுக்கு "இதுதான் ஐசி50" என்று ஒற்றை எண் கிடையாது. அளக்கும் நேரத்தில் சேனல்களில் எத்தனை பங்கு ஓய்வு நிலையில் இருக்கின்றன, எத்தனை பங்கு செயலிழந்த நிலையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தே அந்த எண் அமைகிறது.

செல் சவ்வு நல்ல எதிர்மின் அழுத்தத்தில் இருக்கும்போது சேனல் மூடிய ஓய்வு நிலையில் இருக்கும். அழுத்தம் ஏறினால் திறக்கும். ஓரிரு மில்லிசெகண்டுக்குள் தானாகவே செயலிழந்த நிலைக்குப் போய்விடும். மறுபடி எதிர்மின் பக்கம் இறக்கினால்தான் மீளும். லிடோகேன் ஓய்வு நிலைச் சேனலை லேசாகப் பற்றும், செயலிழந்த சேனலை இறுக்கிப் பிடிக்கும். ஹில்லேயும், தனியாக ஹாண்டகெம், காட்சங் இருவரும் 1977-இல் முன்வைத்த கருத்தின் மையம் இது. முயல் இதயத்தின் புர்கின்ஜி இழைகளில் பீன், கோஹன், சியென் 1983-இல் அளந்து காட்டியபோது செயலிழந்த நிலைக்குப் பிணைப்பு மாறிலி (பாதிச் சேனல்களைப் பிடிக்கத் தேவையான செறிவு) சுமார் 10 மைக்ரோமோலாராகவும், ஓய்வு நிலைக்கு 300-க்கு மேலாகவும் வந்தது. முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இதை உங்கள் எண்களில் போட்டுப் பார்க்கலாம். கணக்கு எளிதாக இருக்க ஓய்வு மாறிலி 500, செயலிழப்பு மாறிலி 10 என்று வைத்துக்கொள்கிறேன்.

1 ÷ ஐசி50 = (ஓய்வில் உள்ள பங்கு ÷ 500) + (செயலிழந்த பங்கு ÷ 10)

பாதிச் சேனல்கள் செயலிழக்கும் அழுத்தம் ஒரு செல்லில் −85 என்றும், வளைவின் சாய்வு 6 மில்லிவோல்ட் என்றும் கொள்வோம். −90-இல் சுமார் 70 சதவீதச் சேனல்கள் ஓய்வில் இருக்கும். ஐசி50 சுமார் 31 மைக்ரோமோலார். இன்னொரு செல்லில் அந்த நடுப்புள்ளி −78 என்றால் ஓய்வில் 88 சதவீதம், ஐசி50 73. மூன்றாவது செல்லில் −95 என்றால் ஓய்வில் 30 சதவீதம் மட்டுமே. ஐசி50 14-க்கு இறங்கிவிடும். மருந்து அதே மருந்து, ஹோல்டிங் அதே −90. நடுப்புள்ளி 17 மில்லிவோல்ட் நகர்ந்ததும் விடை ஐந்து மடங்கு மாறிவிட்டது. −120-இல் முதல் செல்லைப் பார்த்தால் 99.7 சதவீதம் ஓய்வில் இருக்கும், ஐசி50 430-ஐத் தாண்டும். நீங்கள் சொன்ன "300-க்கும் மேல்" அங்கிருந்து வருவதுதான்.

−90 என்பது வளைவின் செங்குத்தான சரிவில் நிற்கிறது, அங்கே நின்று அளக்கவே கூடாது. ஒன்று முழுக்க ஓய்வில் இருக்கும் இடத்துக்குப் போங்கள், இல்லையென்றால் கிட்டத்தட்ட முழுக்கச் செயலிழந்த இடத்துக்கு. இரண்டையும் தனித்தனியாக அளந்தால் நடுவில் வரும் எந்த அழுத்தத்துக்கும் விடையைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஓய்வு நிலைக்கு: ஹோல்டிங் −120, முடிந்தால் −130. −20-க்கு 20 மில்லிசெகண்ட் பல்ஸ், 10 செகண்டுக்கு ஒன்று. நீங்கள் 1 செகண்டுக்கு ஒன்று கொடுப்பது தனித் தொல்லை. லிடோகேன் பிடித்த சேனல் மீள −120-இலேயே சில நூறு மில்லிசெகண்ட் ஆகும், −90-இல் இன்னும் தாமதமாகும். அடுத்த பல்ஸ் வருவதற்குள் மீளாதவை சேர்ந்துகொண்டே போகும். ஓய்வுத் தடுப்பு என்று நீங்கள் எழுதி வைத்ததில் ஒரு பகுதி அடுக்கடுக்காகச் சேர்ந்த தடுப்பு.

செயலிழந்த நிலைக்கு: −120-இல் இருந்து −70-க்கு 10 செகண்ட் ப்ரீபல்ஸ், −120-க்குத் திரும்பி 20 மில்லிசெகண்ட் இடைவெளி, பிறகு −20-க்கு டெஸ்ட் பல்ஸ். நடுப்புள்ளி −85 உள்ள செல்லில் −70-இல் 92 சதவீதம் செயலிழந்திருக்கும், சேனல்கள் திறப்பதும் குறைவு. அந்த 20 மில்லிசெகண்டில் மருந்து பிடிக்காத சேனல்கள் பெரும்பாலும் மீண்டுவிடும், லிடோகேன் பிடித்தவை மீளாது. எனவே டெஸ்ட் பல்ஸில் குறைந்து வரும் கரண்ட் மருந்தின் வேலையைக் காட்டும். ஒவ்வொரு சுழற்சிக்கும் இடையே −120-இல் குறைந்தது 15 செகண்ட் விடுங்கள்.

---

பிப்பெட்நுனி எழுதியது:

மேலே சொன்ன கணக்கு அத்தனையும் சரி. ஒரு இடத்துல மட்டும் மாத்திச் சொல்வேன். −70-ன்னு எல்லா செல்லுக்கும் ஒரே எண் வைக்காதீங்க. செல்லுக்கு செல் நடுப்புள்ளி மாறுதுன்னு ஏத்துக்கிட்டப்புறம் ப்ரீபல்ஸ் அழுத்தத்தை மட்டும் ஏன் நிலையா வைக்கணும்? ஒவ்வொரு செல்லுலயும் மருந்துக்கு முன்னாடி செயலிழப்பு வளைவு ஒண்ணு எடுங்க: −140-ல இருந்து −40 வரைக்கும் 10 மில்லிவோல்ட் படியா, ஒவ்வொரு படியும் 500 மில்லிசெகண்ட். போல்ட்ஸ்மன் சமன்பாட்டைப் பொருத்தி நடுப்புள்ளியை எடுத்து, அதுல இருந்து +15 மில்லிவோல்ட்டை ப்ரீபல்ஸா வையுங்க. ரெண்டு நிமிஷ வேலை. அந்த வளைவு மருந்துக்கு அப்புறமும் கையில இருந்தா இன்னொரு வழியிலயும் விடையைச் சரிபாக்கலாம். அதைக் கடைசியில சொல்றேன்.

இப்போ மருந்தில்லாமலே கரண்ட் குறையுற விஷயம். இதுக்கு முதல் காரணம் உங்க ஃப்ளூரைடு. சீசியம் ஃப்ளூரைடு சீலை (பிப்பெட்டும் செல் சவ்வும் இறுக ஒட்டுற இடம்) நல்லா காப்பாத்தும், அதுக்காகத்தான் எல்லாரும் போடுறோம். ஆனா ஹோல்-செல் ஆனப்புறம் செயலிழப்பு நடுப்புள்ளி மெதுவா எதிர்மின் பக்கமா நகரும், பல மில்லிவோல்ட் போயிடும். −90-ல பிடிச்சு வச்சா நகர நகர ஓய்வுப் பங்கு குறையும், கரண்ட் விழும், அதே நேரம் லிடோகேனோட பிடியும் இறுகும். ஆக நீங்க கடைசியா கொடுக்குற 300 மைக்ரோமோலார், முதல்ல கொடுத்த 1 மைக்ரோமோலார் பார்த்த சேனலைப் பாக்கவே இல்லை. சவ்வை உடைச்சு உள்ள போனதும் 8-ல இருந்து 10 நிமிஷம் சும்மா காத்திருங்க. அடுத்தடுத்து ரெண்டு நிமிஷத்துல கரண்ட் 5 சதவீதத்துக்குள்ள நின்னாத்தான் மருந்தைத் திறக்கணும். மருந்தில்லாத வெறும் கரைசலை அதே நேர அட்டவணையில கொடுத்த செல்கள் குறைஞ்சது அஞ்சு வேணும், அந்தச் சரிவைக் கழிச்சாத்தான் மீதி மருந்துக்கு. ஒரு செல்லுக்கு ஆறு செறிவு அதிகம்; ரெண்டோ மூணோ போதும், கடைசியில கழுவிப் பாருங்க. லிடோகேன் நல்லா கழுவிப் போற மருந்து. கழுவினப்புறம் கரண்ட் 85 சதவீதம்கூட திரும்பலைன்னா அந்த செல்லைக் கணக்குல சேர்க்க வேண்டாம்.

அந்தக் கரைசலைக் கண்ணாடி பாட்டில்ல வைக்காதீங்க, ஃப்ளூரைடு கண்ணாடியை அரிக்கும். பிளாஸ்டிக் குழாய்கள்ல பிரிச்சு உறைய வையுங்க. பிப்பெட்ல கடைசி நேரத்துல நிரப்புங்க. நுனியில ஃப்ளூரைடும் வெளிக் கரைசலோட கால்சியமும் சேர்ந்தா வீழ்படிவு வரும், நுனி அடைச்சுக்கும். பிப்பெட்ல லேசா காத்தழுத்தம் கொடுத்துக்கிட்டே குளியல்ல இறக்கினாலும் ரொம்ப நேரம் செல்லுக்கு மேல நிறுத்தாதீங்க.

8 நானோஆம்பியர் செல்லை எடுக்கவே எடுக்காதீங்க. 8 நானோஆம்பியர் × 6 மெகாஓம் = 48 மில்லிவோல்ட். 70 சதவீதம் சரிசெஞ்சாலும் 14 மில்லிவோல்ட் பிழை நிக்குது. நீங்க −20-ன்னு நினைக்கிற இடம் செல்லுக்கு −20 இல்லை. இதுல இருக்கிற பெரிய பொறி என்னன்னா, மருந்து கரண்டைக் குறைச்சதும் இந்தப் பிழையும் குறையும். அப்போ கரண்ட்–வோல்ட்டேஜ் வளைவு வலப்பக்கம் நகர்ந்த மாதிரி தெரியும். மருந்து சேனலோட திறப்பை மாத்துதுன்னு எழுதிடுவீங்க. நகர்ந்தது வெறும் ஓம் விதி. 1.5-ல இருந்து 2.5 மெகாஓம் வர்ற பிப்பெட் இழுங்க. சீரீஸ் ரெசிஸ்டன்ஸ் 5 மெகாஓமுக்குக் கீழ, கம்பென்சேஷன் 80 சதவீதம், கரண்ட் 3 நானோஆம்பியருக்குள்ள. அப்போ பிழை 3 மில்லிவோல்ட்தான். செல் எல்லாமே பெருசா இருந்தா வெளிச் சோடியத்தை 40 மில்லிமோலாருக்கு இறக்கி மீதி 100-க்குக் கோலின் குளோரைடு போடுங்க. கரண்ட் பாதிக்கும் கீழ வந்துடும்.

ஹெக் செல்லுக்குச் சொந்தமாவே கொஞ்சம் சோடியம் கரண்ட் உண்டு. உங்க கரண்ட் பெருசா இருக்கிறவரைக்கும் கவலையில்லை. ஆனா 500 பிகோஆம்பியர் செல்லுல 300 மைக்ரோமோலார் கொடுத்து மீதியை அளக்கும்போது அது கலக்கும். வெளிக் கரைசல்ல 200 நானோமோலார் டெட்ரோடாக்சின் (சோடியம் சேனலை அடைக்கிற நஞ்சு) போட்டா அந்தச் சொந்தக் கரண்ட் அடங்கும். நாவ் 1.5-க்கு டெட்ரோடாக்சின் மைக்ரோமோலார் அளவுல வேணும்ங்கிறதால உங்க சேனல் பெரும்பாலும் தப்பிச்சுக்கும். கொடிய நஞ்சு அது. பொடியா எடை போடாதீங்க, சிட்ரேட்டோட வர்ற குப்பியைத் திறக்காமலே ஊசியால தண்ணி விட்டுக் கரைச்சு எடுங்க.

மருந்து எடை: லிடோகேன் ஹைட்ரோகுளோரைடுல பெரும்பாலும் ஒரு நீர் மூலக்கூறு ஒட்டியிருக்கும், மூலக்கூறு எடை 288.8. நீரில்லாத உப்புக்கு 270.8, வெறும் காரத்துக்கு 234.3. குப்பியில எது எழுதியிருக்குன்னு பாருங்க. 288.8 மில்லிகிராமை 10 மில்லிலிட்டர் தண்ணியில கரைச்சா 100 மில்லிமோலார். டிஎம்எஸ்ஓ மாதிரி கரைப்பான் தேவையே இல்லை. நீர்த்தப்புறம் பிஎச்சை மறுபடி பாருங்க, உப்பு கொஞ்சம் இறக்கும். லிடோகேனோட பிகேஏ (பாதி மூலக்கூறு மின்னேற்றத்தோட இருக்கிற பிஎச்) சுமார் 7.9. பிஎச் 7.4-ல மின்னேற்றமில்லாத வடிவம் 24 சதவீதம், 7.0-ல 11 சதவீதம். சவ்வைக் கடந்து உள்ள போறது அந்த வடிவம்தான். பிஎச்சைக் கோட்டை விட்டா செறிவைக் கோட்டை விட்ட மாதிரி.

கடைசியா அந்த இன்னொரு வழி. மருந்து கொடுத்தப்புறம் செயலிழப்பு வளைவு இடப்பக்கம் நகரும். எவ்வளவு நகரும்னா:

நகர்வு = சாய்வு × மடக்கை[(1 + செறிவு ÷ செயலிழப்பு மாறிலி) ÷ (1 + செறிவு ÷ ஓய்வு மாறிலி)]

மடக்கை இயற்கை மடக்கை. சாய்வு 6, செறிவு 100, மாறிலிகள் 10, 500-ன்னா 11 ÷ 1.2 = 9.17, மடக்கை 2.22, நகர்வு 13 மில்லிவோல்ட். நேரடியா அளந்த மாறிலிகளும் இந்த நகர்வும் ஒத்துப்போகலைன்னா படி நீளம் போதலை, இல்லை ஃப்ளூரைடு நகர்வு உள்ள புகுந்திருக்கு. இந்தச் சோதனைக்கு மட்டும் படியை 500 மில்லிசெகண்டுல இருந்து 5 செகண்டா நீட்டுங்க, மருந்து சமநிலைக்கு வர நேரம் வேணும்.

---

சீல்பிடி எழுதியது:

மிக்க நன்றி இருவருக்கும். நடுப்புள்ளியைச் செல்லுக்குச் செல் நான் எடுக்கவே இல்லை, இனி எடுக்கிறேன். இரண்டு சந்தேகம். ஒன்று, 10 செகண்ட் ப்ரீபல்ஸ் கொடுத்தால் மருந்தில்லாமலே சேனல்கள் மெதுவான செயலிழப்புக்கு (மெதுவாக வந்து மெதுவாக மீளும் இன்னொரு செயலிழந்த நிலை) போய்விடாதா? அவை 20 மில்லிசெகண்டில் மீளாதே. இரண்டு, கார்பமசெபைனுக்கும் இதே நிரல் போதுமா?

---

ஓய்வுநிலை எழுதியது:

போகும். அதனால்தான் விகிதத்தை ஓய்வுக் கரண்டோடு எடுக்கக் கூடாது. அதே 10 செகண்ட் நிரலை மருந்தில்லாமல் ஓட்டி, அதில் வரும் டெஸ்ட் கரண்டையே 100 சதவீதமாக வையுங்கள். மருந்தில்லாதபோதே பாதிக்கு மேல் காணாமல் போனால் ப்ரீபல்ஸை 3 அல்லது 5 செகண்டாகக் குறையுங்கள். −70 போன்ற இடத்தில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். 0 மில்லிவோல்ட்டில் 10 செகண்ட் வைத்தால் மெதுவான செயலிழப்பு இன்னும் பெரிதாகும்.

கார்பமசெபைன் பற்றிச் சொல்ல என்னைவிடப் பொருத்தமானவர் இந்த இழையில் இருக்கிறார்.

---

மெதுபிணைப்பு எழுதியது:

உங்கள் கார்பமசெபைன் கெடவில்லை. 100 மில்லிசெகண்டில் அது இன்னும் சேனலைப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

எலியின் ஹிப்போகாம்பஸ் நியூரான்களில் அளந்தபோது செயலிழந்த சேனலோடு கார்பமசெபைன் பிணையும் வேகம் மோலாருக்கு செகண்டுக்கு சுமார் 38,000 என்றும், பிணைப்பு மாறிலி சுமார் 25 மைக்ரோமோலார் என்றும் வந்தது. இரண்டையும் பெருக்கினால் விடுபடும் வேகம் செகண்டுக்கு 0.95. இதை வைத்து உங்கள் நிரலைப் பாருங்கள்.

100 மைக்ரோமோலாரில் மொத்த வேகம் 3.8 + 0.95 = 4.75. கால மாறிலி 210 மில்லிசெகண்ட். 100 மில்லிசெகண்ட் ப்ரீபல்ஸ் அதில் பாதிகூட இல்லை. வரவேண்டிய தடுப்பில் 38 சதவீதம்தான் வந்திருக்கும். 10 மைக்ரோமோலாரில் நிலைமை இன்னும் மோசம்: 0.38 + 0.95 = 1.33, கால மாறிலி 750 மில்லிசெகண்ட். சமநிலைக்கு நான்கைந்து மடங்கு வேண்டும் என்றால் 3 முதல் 4 செகண்ட். குறைந்த செறிவுகளுக்குத்தான் நீண்ட ப்ரீபல்ஸ் தேவை. எல்லாச் செறிவுக்கும் 500 மில்லிசெகண்ட் வைத்தால் வளைவின் கீழ்ப்பாதி மட்டும் வலப்பக்கம் தள்ளப்படும், ஹில் சாய்வு (செறிவு–தடுப்பு வளைவின் செங்குத்து அளவு) 1-ஐவிடச் செயற்கையாக ஏறிவிடும். உங்கள் சேனல் நாவ் 1.5 என்பதால் எண்கள் அப்படியே பொருந்த வேண்டியதில்லை. ஆனால் முறை பொருந்தும்: ப்ரீபல்ஸை 0.1, 0.3, 1, 3, 10 செகண்ட் என்று நீட்டி, தடுப்பு எங்கே தட்டையாகிறது என்று மிகக் குறைந்த செறிவில் பார்த்துவிட்டு நிரலை முடிவு செய்யுங்கள்.

இதே குழியில் பலர் விழுந்திருக்கிறார்கள். ஃபெனிடோயின் என்ற வலிப்பு மருந்து கார்பமசெபைனைவிட ஐந்து மடங்கு மெதுவாகப் பிணைகிறது. லகோசமைடு என்ற இன்னொரு வலிப்பு மருந்து மெதுவான செயலிழப்பு நிலையைப் பிடிக்கிறது என்று நெடுநாள் சொல்லப்பட்டது. வேகச் செயலிழப்பு நிலையையே மிக மெதுவாகப் பிடித்தாலும் சோதனையில் அதே தோற்றம்தான் வரும் என்று 2017-இல் வந்த ஆய்வு காட்டியது. நீண்ட ப்ரீபல்ஸுக்குப் பிறகுதான் தடுப்பு தெரிகிறது என்பதை மட்டும் வைத்து, மருந்து எந்த நிலையைப் பிடித்தது என்று முடிவு கட்ட முடியாது.

அடுத்தது அந்த 20 மில்லிசெகண்ட் இடைவெளி. லிடோகேனுக்கு அது சரி. கார்பமசெபைன் −120-இல் வேகமாகக் கழன்றுவிடும் மருந்து. இடைவெளி நீண்டால் தடுப்பில் ஒரு பகுதியை நீங்களே கழற்றிவிட்டு அளப்பீர்கள். எனவே மீட்சி வளைவை மருந்தோடும் மருந்தில்லாமலும் எடுங்கள்: இடைவெளி 1, 2, 5, 10, 20, 50, 100, 300 மில்லிசெகண்ட், பிறகு 1, 3 செகண்ட். மருந்தில்லாத வளைவு 90 சதவீதத்தைத் தொடும் மிகக் குறுகிய இடைவெளி எதுவோ அதையே வையுங்கள். 5 அல்லது 10 மில்லிசெகண்ட் போதுமானதாக இருக்கலாம்.

இன்னொரு வேறுபாடு. 10 ஹெர்ட்ஸில் 20 மில்லிசெகண்ட் பல்ஸ் 30 கொடுத்தால் லிடோகேன் அழகாக அடுக்கடுக்காகத் தடுக்கும். கார்பமசெபைனுக்கு அதே தொடரில் வித்தியாசம் சிறிதாகவே இருக்கும். பல்ஸ் நேரம் மொத்தம் 600 மில்லிசெகண்ட், அதிலும் ஒவ்வொரு பல்ஸுக்கு நடுவில் 80 மில்லிசெகண்ட் கழன்றுபோக நேரம் கிடைக்கிறது. அதைப் பார்த்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று எழுதிவிடாதீர்கள். வலிப்பின்போது நியூரான் நீண்ட நேரம் ஏறிய மின்னழுத்தத்தில் நிற்கிறது; இந்த மருந்துக்கு வேண்டிய நேரம் அங்கே கிடைக்கிறது. இயல்பான ஒற்றைத் துடிப்பை அது பெரும்பாலும் விட்டுவிடுவதும் இதனால்தான்.

கரைப்பது: 23.6 மில்லிகிராமை 1 மில்லிலிட்டர் டிஎம்எஸ்ஓவில் கரைத்தால் 100 மில்லிமோலார். ஆயிரத்தில் ஒன்றாக நீர்த்தால் 100 மைக்ரோமோலார், டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதம். குறைந்த செறிவுகளுக்கும் கட்டுப்பாட்டுக் கரைசலுக்கும் அதே 0.1 சதவீதத்தை நிரப்பிக்கொள்ளுங்கள். குளிர்ந்த கரைசலில் விட்டால் ஊசி ஊசியாகப் படிகம் வரும். அறை வெப்பத்தில் கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுங்கள், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கலங்கல் இருந்தால் உங்கள் 100 மைக்ரோமோலார் என்பது வெறும் லேபிள். இதற்கு மின்னேற்றம் இல்லாததால் லிடோகேனுக்குச் சொன்ன பிஎச் தொல்லை இங்கே கிடையாது.

செறிவு வரம்பைத் தேர்வு செய்ய: இரத்தத்தில் கார்பமசெபைன் இலக்கு மில்லிலிட்டருக்கு 4 முதல் 12 மைக்ரோகிராம், அதாவது 17 முதல் 51 மைக்ரோமோலார். அதில் முக்கால் பங்கு புரதத்தோடு ஒட்டியிருக்கும், கட்டற்றது சுமார் 4 முதல் 13. உங்கள் குளியலில் புரதம் இல்லை, ஒப்பிட வேண்டியது இந்தக் கடைசி எண்ணோடு. இதயத் துடிப்புக் கோளாறுக்கு லிடோகேன் மில்லிலிட்டருக்கு 1.5 முதல் 5 மைக்ரோகிராம், 6 முதல் 21 மைக்ரோமோலார். பல் மருத்துவர் போடும் 2 சதவீத ஊசியோ சுமார் 70 மில்லிமோலார். ஓய்வு நிலைத் தடுப்பே போதும் என்கிற அளவு அது. இதயத்தில் அந்த வாய்ப்பு இல்லை, அங்கே செயலிழந்த நிலையின் 10 மைக்ரோமோலார்தான் கணக்கு. இரத்த ஓட்டம் தடைபட்ட இதயத் தசையின் சவ்வு மின்னழுத்தம் ஏறிக் கிடக்கும், லிடோகேன் அங்கே கூடுதலாகப் பிடிப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

---

பிப்பெட்நுனி எழுதியது:

ஒண்ணு சேர்க்கணும். கையில எஃப்1760ஏ மாற்றம் செஞ்ச நாவ் 1.5 இருந்தா எதிர்க்கட்டுப்பாடா ஒரு நாள் ஓட்டுங்க. நாலாவது பகுதியோட ஆறாம் சுருள்ல இருக்கிற அந்த ஃபினைலலனைனை அலனைனா மாத்தினா லிடோகேனோட அடுக்குத் தடுப்பு பெருமளவு போயிடும். 10 ஹெர்ட்ஸ் தொடர்ல அந்த செல்லும் உங்க சாதாரண செல் மாதிரியே 30-வது பல்ஸ்ல விழுந்தா, நீங்க பாத்தது மருந்தை இல்லை. −120-ல 80 மில்லிசெகண்டுல சேனலே முழுசா மீளலை. ஹோல்டிங்கை −130-க்கு இறக்கிட்டு மறுபடி பாருங்க.